மேஸ்திரியின் முகம்

மூக்கு மட்டும் சரியாக வந்திருந்தது. மீதி நாய், இரண்டு படுக்கையறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு மாதிரி இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. வரைந்தவர் கட்டட வரைவாளர். சுவர், கதவு, மாடிப்படி என்று ஆயுளில் பாதியைக் கோடு போட்டே கழித்தவர். அலுவலகத்தில் அவரை 'ஸ்கேல் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேல் கையில் இல்லாவிட்டால் அவருக்குக் கையெழுத்துகூட வராது.

"சார், முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம்னு நாயைத் தனித்தனியா போடக்கூடாது," என்றாள் ஓவிய டீச்சர். "ஒரே நாய். ஒரே படம்."

"முன்னாலேர்ந்து பாத்தா வால் தெரியாதேம்மா?"

"தெரியலைன்னா விட்டுடுங்க."

"இருக்கிற வாலை எப்படி விடறது?"

வண்ணங்கள் விற்கும் ஒரு கடையின் மாடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. வீட்டில் வளர்க்கும் பிராணிகளை அக்ரிலிக்கில் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பல் டாக்டர் தன் பூனையை எல்லாப் பற்களும் தெரியும்படி வரைந்துகொண்டிருந்தார். ஓர் அம்மாள் ஆமையின் ஓட்டை முடித்துவிட்டு, தலை வெளியே வரட்டும் என்று காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். எல்லோருடைய பலகையிலும் ஒரு போட்டோ செருகியிருந்தது. ஸ்கேல் சாரின் பலகையில் மட்டும் எதுவும் இல்லை.

"போட்டோ இல்லைன்னா பரவால்ல சார். கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க. அதோட கண்ணு என்ன கலர்?"

அவர் கண்ணை மூடினார். நான்கு பாதங்களின் சேற்றுத் தடம் மட்டும் தெரிந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரைபடத்தில், நுழைவாயில் வழியாக உள்ளே போய், அறுவை சிகிச்சை அறையைக் கடந்து, மறுபக்கம் வெளியேறிய தடம். ஒவ்வொரு விரலும் துல்லியமாக ஞாபகம் இருந்தது. அதற்கு மேலே இருந்த நாய் ஞாபகம் இல்லை. அவர் அதைப் பார்த்ததே இல்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் மகள் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி அது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்கும். அதனால் மேஸ்திரி என்று மகள்தான் பெயர் வைத்தாள். மறுநாள் கொடுக்கவேண்டிய வரைபடத்தை அது மேற்பார்வையிட்ட அன்று, மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, அலுவலக டிரைவரைக் கூப்பிட்டு அவர் அதை ஒப்படைத்துவிட்டார். "எங்கயாவது விட்டுடுப்பா. என் கண்ணுல படக்கூடாது."

மகள் வந்தாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள், கதவுக்குப் பின்னால் தேடினாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "நல்ல இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கு," என்றார். அவள் கொஞ்ச நேரம் அந்தச் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரிப்பா," என்றாள்.

அன்றிலிருந்து அவரிடம் அவள் சொன்னதெல்லாம் அந்த ஒரு சொல்தான். இந்தப் படிப்பை எடுத்துக்கோ என்றார். சரிப்பா. அந்த வேலை வேண்டாம் என்றார். சரிப்பா. எவ்வளவு அடக்கமான பெண் என்று ஊரெல்லாம் மெச்சியது. ஒவ்வொரு மெச்சலும் அவருக்கு ஊசியாகக் குத்தியது.

இப்போது கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அவரே தேடிப் பிடித்தவர். "உங்க ஆபீசுக்கு வருவாரே அந்த என்ஜினியர் பையன், அவர் எப்படிங்க?" என்று மனைவி ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டது என்னவோ உண்மை. ஆனால் மறுவாரமே அந்த யோசனை முழுக்க முழுக்க அவருடையதாகிவிட்டது. மகளிடம் சொன்னார். வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே "சரிப்பா" வந்தது. மாப்பிள்ளை வீடு நான்கு தெரு தள்ளித்தான். அங்கே போகலாம் என்று அவர் கிளம்பும்போதெல்லாம், "அங்க வெள்ளை அடிக்கிறாங்களாம், அப்புறம் போகலாம்," என்று மனைவி தடுத்துவிடுவாள். எவ்வளவு பெரிய வீடோ, மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் சில வாரங்களில் அந்த "சரிப்பா"வும் வீட்டை விட்டுப் போய்விடும். அதற்குள் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயால் கேட்க அவருக்கு வராது. அதனால்தான் இந்தப் படம்.

"மேஸ்திரியை வரையப் போறீங்களா?" மனைவியின் கையிலிருந்த கரண்டி நழுவியது. "இப்ப எதுக்குங்க அதெல்லாம்?"

"கல்யாணத்துக்குக் குடுக்கலாம்னு. அது என்ன நிறம்?"

"வெள்ளை," என்றாள் யோசிக்காமல். "பால் மாதிரி வெள்ளை."

"பழுப்பா இருந்த மாதிரி லேசா ஒரு…"

"நீங்க எங்க அதைப் பாத்தீங்க? ஒரு போட்டோ எடுங்கன்னு பொண்ணு கெஞ்சினப்ப, நாய்க்கு எதுக்கு போட்டோன்னு கேட்டது யாரு?"

அவர் நாயை வெள்ளையாக்கினார். சந்தேகம் தீரவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டார்.

"மேஸ்திரியா? கறுப்புப்பா. நல்ல கறுப்பு."

"உங்கம்மா வெள்ளைங்கறாளே?"

"அம்மா சொன்னா வெள்ளைதாம்பா."

"அப்ப கறுப்பு?"

"கறுப்பும் இருந்துச்சு."

"எங்கடா?"

"அங்கங்க."

அங்கங்கே கறுப்புப் போட்டார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கன்னுக்குட்டி லட்சணமா இருக்கு சார். வளந்தா நல்லா கறக்கும்," என்றார்.

மனைவிக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, தானாக வந்து உதவினாள். "காது நீளங்க. தரையைத் தொடும்." காதை நீட்டினார். கன்றுக்குட்டிக்கும் முயலுக்கும் பிறந்த ஏதோ ஒன்று அவரைப் பார்த்துப் பரிதாபமாக விழித்தது.

"கவலைப்படாதீங்க சார். அக்ரிலிக்ல அதுதான் வசதி," என்றாள் டீச்சர். "சீக்கிரம் காஞ்சிடும். தப்பு மேலயே இன்னொரு பூச்சு பூசிடலாம்."

அவர் செய்த தப்பும் சீக்கிரமாகத்தான் காய்ந்துபோயிருந்தது. மேலே பூசுவதற்குத்தான் பத்து வருடமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில், உயிருள்ள நாய் ஒன்றைப் பார்த்து வரைந்தால் தேவலை என்று தோன்றியது. தெருமுனை நாய்க்கு பிஸ்கட் காட்டிக் காட்டி வீட்டுக்குள் அழைத்து வந்தார். அது ஒரு பிஸ்கட்டுக்கு உட்கார்ந்தது. இரண்டாவது பிஸ்கட்டுக்கு நின்றது. மூன்றாவதைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று நீல வண்ணத் தட்டில் காலை வைத்து ஏறி, மேசை மேல் விரித்திருந்த அடுக்குமாடி வரைபடத்தின் மேல் நடந்தது. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய வரைபடம். முதல் மாடியிலிருந்து மொட்டைமாடி வரை நீல நீலமாகப் பாதங்கள்.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். மகளும் வாசற்படியில் வந்து நின்றாள். நாயைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அன்றைக்குச் செய்தித்தாளைப் பார்த்த அதே பார்வை.

அவர் வாயைத் திறந்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிஸ்கட் இன்னும் இருக்கா?" என்றார் ஸ்கேல் சார்.

பிறகு கீழே உட்கார்ந்து, தன் தோள் துண்டாலேயே நாயின் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். விரல்களுக்கு நடுவில் பூப்போல மென்மையாக இருந்தது. இத்தனை மென்மையான காலையா அத்தனை ஆத்திரத்தோடு வீட்டை விட்டு அனுப்பினோம் என்று நினைத்தபோது, துடைத்த காலையே மறுபடியும் துடைத்தார்.

மகள் உள்ளே வந்து பலகையைப் பார்த்தாள். "யாருப்பா இது?"

"மேஸ்திரி."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஐயோ அப்பா, இவனா மேஸ்திரி? அவன் தேன் கலர்ப்பா. நெஞ்சுல மட்டும் வெள்ளை. வலது காது நிக்கும், இடது காது மடங்கியிருக்கும். எதையோ கேக்க வந்து பாதியில மறந்துட்ட மாதிரி நம்மளையே பாப்பான். கண்ணு ரெண்டும் காபிப் பொடி. இப்ப மூக்கைச் சுத்தி நரைச்சு…"

மனைவிக்குத் திடீரென்று பலமாக இருமல் வந்தது.

"நரைச்சிருக்கும்னு சொல்ல வந்தேன்," என்றாள் மகள். "இருந்திருந்தா."

பத்து வருடத்தில் மகள் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. அந்த மகிழ்ச்சியை முழுதாக அனுபவிக்க முடியாமல் அந்த 'இருந்திருந்தா' வந்து அறைந்தது.

"தப்புப் பண்ணிட்டேம்மா," என்றார். வாயால் வராது என்று நினைத்தது, கடைசியில் வாயால்தான் வந்தது.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள். "சரிப்பா," என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேலை வாங்கி அப்பால் வைத்தாள். கன்றுக்குட்டி மேல் தேன் நிறம் ஏறியது. காது சுருங்கியது. இருவருமாகச் சேர்ந்து வரைந்து முடித்தபோது, பலகையிலிருந்து ஒரு நாய் எதையோ கேட்க வந்து மறந்துபோனதுபோல் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க!" மனைவி பதறினாள். "கல்யாண வேலை பேச வர்றாங்க. படத்தை உள்ள தூக்குங்க!"

"காயட்டும் விடு."

"தூக்குங்கன்னா!" அவள் ஒரு போர்வையை எடுத்து மேலே வீச, அவர் அதைப் பிடுங்க, மகள் இருவருக்கும் நடுவில் நிற்க, மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் முகம் வெளிறியது. மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"அடடா, நல்லா இருக்கே," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஆடுங்களா?"

"நாய்ங்க."

"அப்படியா? எனக்கு இந்த நாய், ஆடெல்லாம் அவ்வளவா பழக்கமில்லைங்க."

அவர்களிடமும் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று ஸ்கேல் சாருக்குப் பட்டது. "பத்து வருஷத்துக்கு முன்னால நான் வீட்டை விட்டு விரட்டின நாய்ங்க. எங்க கிடந்து எப்படிச் செத்துச்சோ. என் பொண்ணு ஆசைப்பட்டதுல நான் பறிச்சுக்கிட்டது இது ஒண்ணுதான். அந்தப் பாவம் என்னை விட்டுப் போகாது." குரல் உடைந்தது. மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரைப் பூட்டிவிட்டு மாப்பிள்ளையின் அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் காதில் விழுந்தது அரைமணியில் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் எதை மறைக்க வேண்டும் என்பதை அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தின் அருகே போனார். அவர் மனைவி காலை மிதித்தது அவருக்கு உறைக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நம்ம மேஸ்திரி! காலையில என் செருப்பைத் தூக்கிட்டு ஓடினானே, அதே முழி! அன்னிக்கு உங்க டிரைவர் எங்ககிட்ட கொண்டாந்து விட்ட இவனைத் தேடி மறுநாளே அழுதுக்கிட்டே ஸ்கூல் பையோட எங்க வீட்டு வாசல்ல வந்து நின்ன பொண்ணுதானே சம்பந்தி, தினம் இவனைப் பாக்க வந்து வந்து, இப்ப என் பையனையும் சேர்த்துல்ல கட்டிக்கப் போறா!"