கடுகு இருக்கிற வீட்டில் கத்தக்கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், என் தொண்டை ஒன்றைத் தவிர. உன் மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, எழுந்து நடக்கிறாள் என்று கேட்டு உன் அண்ணிக்கும் எனக்கும் நிம்மதி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் கிசுகிசுத்தால் நீ, "கேக்கலண்ணே, சத்தமாப் பேசு" என்கிறாய். சத்தமாகப் பேசினால் உன் மகள் கடுகு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். ஆகவே கடிதம்.

கடுகை எங்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பும்போது நீ சொன்னாய்: "அண்ணே, சத்தம், வெளிச்சம், துணி உரசுறது எல்லாம் அவளுக்கு நம்மளவிடப் பல மடங்கு உறைக்கும். அடம் இல்லண்ணே, நிஜமாவே தாங்காது." நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள், ஆறு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு செல்லமா என்றுதான் நினைத்தேன். நீ தெருமுனை திரும்பியதும், குழந்தை தனியாக நிற்கிறதே என்று பாசம் பொங்கி, "வாடி என் தங்கமே!" என்றேன். வாழ்நாள் முழுக்க மீன் மார்க்கெட்டில் ஏலம் கூவிய வாய். எனக்கு அது கொஞ்சல், அவளுக்கு இடி. காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போனவள் வரவே இல்லை. சமாதானப்படுத்த நானும் உள்ளே நுழைந்தேன். நுழைந்தேனே தவிர, மடங்கிய முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. வெளியே வர வழியில்லாமல் இரண்டு பேரும் கிடந்தபோதுதான் அவளைப் பக்கத்தில் பார்த்தேன். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, தம்பி. நடிக்கிற பிள்ளைக்கு உள்ளங்கை அப்படி வேர்க்காது.

அன்றிலிருந்து வீட்டில் கிசுகிசுப்புதான். முதல் நாள் உன் அண்ணி என் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மறுநாள், "எங்கிட்ட என்னத்த மறைக்கிறீங்க?" என்று சந்தேகப்பட ஆரம்பித்தாள். வாசலுக்கு வந்த பால்காரரிடம், "இன்னும் அரை லிட்டர் கூட ஊத்துங்க" என்று மெல்லச் சொன்னேன். மனுஷன் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "எப்ப ஆச்சு?" என்று கேட்டார். மிக்சி மொட்டைமாடிக்குக் குடிபோயிற்று, குக்கர் பரண் ஏறிவிட்டது. கவுனில் லேபிள் குத்துகிறது என்றாள். வெட்டினேன், லேபிளோடு கழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. இப்போது என் பழைய பனியனைக் கணுக்கால்வரை மாட்டிக்கொண்டு மகாராணி மாதிரி உலாத்துகிறாள். தூங்குவதற்கு என் கனத்த போர்வையைச் சுற்றிவிட வேண்டும். எத்தனை இறுக்கினாலும், "இன்னும் இறுக்குங்க பெரியப்பா" என்கிறாள். மூச்சு முட்டுமே என்று எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

நேற்று வந்தது பாரு சோதனை. அவள் செருப்பு அறுந்துபோனதால் கடைக்கு அழைத்துப் போனோம். கண்ணைக் குத்தும் விளக்குகள், கூரையில் ஸ்பீக்கர் வைத்து அலறும் பாட்டு, பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு ஷூவின் ஒட்டுப் பட்டையைச் சர்ர் சர்ரென்று பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார். கடுகு அப்படியே தரையில் விழுந்து, காலை உதைத்துக் கதறிவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. ஷூவைப் பிரித்துக்கொண்டிருந்த அதே ஆள், "ரெண்டு போட்டா தானா அடங்கும்" என்றார். தம்பி, என் அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் கிளம்பியது. அதை வெளியே விட்டிருந்தால் அந்த ஆள் அடுத்த தெருவில் போய் விழுந்திருப்பார். குழந்தை என்ன ஆவாள்? முழுங்கினேன். நானும் தரையில் படுத்து, துண்டைத் தலைக்குமேல் பிடித்து வெளிச்சத்தை மறைத்து, அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்பதை மட்டும் காதோரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினாள், நல்லா இருக்கட்டும்.

உன் அண்ணி இருக்கிறாளே, கல்யாணம் ஆன நாளிலிருந்து அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள், அந்த ஆளின் முழங்கையைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவை மெல்லச் சாத்தினாள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தாள். உள்ளே எங்களுக்கு ஒரு சத்தம் இல்லை. அவள் கை ஆடுவதும் அந்த ஆள் பின்வாங்கிக்கொண்டே இருப்பதும்தான் தெரிந்தது. இப்படி ஒரு வாயை வீட்டில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் ஏன் ஒருத்தனாகத் தொண்டை கிழியக் கூவினேன்?

கடுகின் அழுகை விக்கலாக அடங்கியது. துண்டை விலக்கிப் பார்த்து, "பெரியம்மா அங்க என்ன பண்றாங்க?" என்றாள்.

"வழி சொல்றாங்கம்மா."

செருப்பு வாங்கவில்லை. வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தேன், இடுப்பு போய்விட்டது.

ஆக, இந்த வயசில் இதெல்லாம் எனக்குத் தோது இல்லை. சொந்த வீட்டில் தும்முவதற்கு மொட்டைமாடிக்கு ஓடுகிறேன். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து உன் மகளை அழைத்துக்கொண்டு போ. உன் மனைவி சீக்கிரம் பூரணமாகத் தேற எங்கள் இருவரின் ஆசிகள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
குரல் இழந்த உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கடுகு வந்து, "யாருக்கு?" என்றாள். "அப்பாவுக்கு. ஞாயித்துக்கிழம வரச் சொல்லி" என்றேன். அவள் தன் பாரம் முழுவதையும் என் முதுகில் போட்டுச் சாய்ந்துகொண்டு, "மெதுவா வரச் சொல்லுங்க" என்றாள். சத்தம் போடாமல் வரச் சொன்னாளா, அவசரப்படாமல் வரச் சொன்னாளா, நான் கேட்கவில்லை. நீ இரண்டையும் செய்.