அந்த விசில் யாருடையது

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று எனக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

தையல் கம்பெனியில் எங்கள் பட்டன் மேசையில் ஒன்பது பேர். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு சின்ன வயசுக் கதை சொல்வார்கள். படிப்பை நிறுத்திவிட்டு இங்கே சேர்ந்த ஏழு மாதமும் நான் டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். போன திங்கட்கிழமை எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். நாலு வயதில் பஸ் ஸ்டாண்டில் நான் தொலைந்துபோனது, ஒரு கண்டக்டர் என் அழுகையை நிறுத்தத் தன் விசிலைக் கொடுத்தது, நான் அதை ஊத, அவருடைய பஸ் அவரை விட்டுவிட்டே கிளம்பிப் போனது, அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடியதில் விசில் என்னிடமே தங்கிவிட்டது, எல்லாம் சொன்னேன். சூப்பர்வைசருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அது நீ இல்லடி, அக்காதான்" என்றாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா."

"கேட்டுக் கேட்டு வந்த ஞாபகமா இருக்கும்."

உன் பாப்பா ஊதுகிறாளே அந்தப் பழைய விசில், அது உன் வீட்டில் இருப்பதே அத்தாட்சியாம். சரி, நீலக் கவுன் போட்டு போட்டோ எடுத்தது? நீயாம். கவுன் மட்டும் பிற்பாடு எனக்கு வந்ததாம். மாடிப்படியில் உருண்டு பல் போனது? அதுவும் நீ. என் பல் சத்தமில்லாமல் தானாகவே விழுந்ததாம். அப்பாவைக் கேட்டால், "ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தி" என்று பேப்பருக்குள் போய்விட்டார். உன் செருப்பு, உன் பை, உன் பாடப்புத்தகம் எல்லாம் எனக்கு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாபகமும் அப்படித்தான் வந்தது என்றால், இத்தனை வருஷமும் நான் எங்கேக்கா இருந்தேன்?

இதோடு விட்டதா? எங்க மேசையில பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பொண்ணு அம்மாகிட்ட துணி தைக்கக் குடுக்க வந்தா. அம்மா எல்லாத்தையும் சொல்லி அனுப்பிட்டா. மறுநாள்லேருந்து என் பேரு 'இரவல்'. "இரவல், இன்னைக்கு யாரோட கதைடி?"ன்னு கேக்கறாங்க. நான் மறுபடியும் மூடியைப் பாத்துத்தான் சாப்பிடறேன். ஞாயித்துக்கிழமை துணிஞ்சு பஸ் ஸ்டாண்டுக்கே போய்ட்டேன். விசாரணை ஜன்னல்ல இருந்தவர், "என்ன தொலைஞ்சது?"ன்னாரு. "நான்தான்"னு சொல்லிட்டேன். "எப்போ?" "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி." அவரு ஜன்னலைச் சாத்திட்டாரு.

அக்கா, நீயாவது உண்மையைச் சொல்லு. தொலைஞ்சது நீதான்னா எனக்கு விட்டுக்குடுத்துடு. உனக்கு மாமா இருக்காரு, பாப்பா இருக்கா, சொல்றதுக்கு ஆயிரம் இருக்கு. எனக்கு அது ஒண்ணுதான்.

மாமாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரவல்

பி.கு: உறையை ஒட்டப் பசை கேட்டது என் தப்பு. அம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கடிதத்தை மடித்துத் தையல் மெஷின் மேல் வைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தைச்ச துணியைக் கடையில குடுக்கப் போனா உங்களையும் கூட்டிட்டுப் போவேன். திரும்பி பஸ் ஏறும்போது எண்ணுவேன். மூட்டை மூணு, பிள்ளை ரெண்டு, மொத்தம் அஞ்சு. அன்னைக்குக் கடைக்காரர் ஒரு மூட்டை கூடக் குடுத்துட்டார். எண்ணினேன், அஞ்சு சரியா இருந்துச்சு. ரெண்டு ஸ்டாப் தாண்டி அக்காதான் கேட்டா, தங்கச்சி எங்கன்னு. பெத்தவளே விட்டுட்டு வந்துட்டேன்னு உன்கிட்ட எப்படிடி சொல்ல?"

ஆக, தொலைந்தது நான்தான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. மேசையில் மட்டும் இதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் இரவலாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

பாப்பாவிடம் கெஞ்சிக் கேட்டு, அந்த விசிலை மட்டும் அனுப்பிவிடு.