முப்பதுக்குக் கீழே

"உங்க பி.எம்.ஐ. முப்பத்திரண்டு புள்ளி ஆறு" என்றார் டாக்டர்.

பிழைதிருத்துநருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டார்.

மச்சினனுக்குக் கிட்னி பழுது என்று வீட்டில் அழுகை கிளம்பியபோது, "என்னோடதை எடுத்துக்கோடா!" என்று நெஞ்சைத் தட்டியவர் அவர்தான். தட்டிய பத்தாவது நிமிடமே ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது. ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஆசாமி. மறுநாளே மச்சினன் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டான்.

"பி.எம்.ஐ.ன்னா என்ன டாக்டர்?"

"எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுக்கணும். நீங்க தொண்ணூத்திரண்டு கிலோ. உயரம் ஒண்ணு புள்ளி ஆறு எட்டு மீட்டர். பதினெட்டரைக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுல இருந்தா நல்லது. முதல்ல முப்பதுக்குக் கீழ வாங்க, மத்ததை அப்புறம் பேசலாம்."

கீழே போனால்தானே கத்தி! போகாவிட்டால்? வழி பளிச்சென்று தெரிந்தது. தின்ன வேண்டும்.

வீட்டில் அது நடக்கவில்லை. மூன்று வேளையும் வேகவைத்த காய். "என் தம்பி உயிருங்க" என்று மனைவி கண்ணைக் கசக்கும்போது தட்டைத் தள்ள முடியுமா?

அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒளிந்து கேக் தின்றார். இரண்டாம் நாளே மனைவியின் சிநேகிதி பார்த்துவிட்டாள். வாய்க்கு வந்ததை உளறிச் சமாளித்தவர், தெரிந்த முகமே எட்டிப்பார்க்காத கடையாகத் தேடினார். குன்றின் உச்சியில் ஒன்று கிடைத்தது. பஸ் கிடையாது. நானூறு படிகள்.

தினமும் மாலையில் மூச்சு வாங்க ஏறி, இரண்டு கேக்கை விழுங்கிவிட்டு இறங்கினார். மாத முடிவில் எடை எண்பத்தொன்பது!

பதறிப்போய் கேக்கை நான்காக்கினார். ஒரே மூச்சில் நாலு தின்றபோது கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அதனால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறினார். அடுத்த மாதம் எண்பத்தாறு.

மூன்றாம் மாதம் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். எடை போனால் போகட்டும், உயரமும் குறைந்தால் எண் ஏறுமே!

அளவுகோலின் முன் முழங்காலை மடக்கி நின்றார்.

"நிமிருங்க சார்" என்றாள் நர்ஸ்.

"இவ்வளவுதான் நிமிர முடியும்."

"போன மாசம் அஞ்சு சென்டிமீட்டர் கூட இருந்தீங்களே!" முட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆள் சுவரோடு ஒட்டி நேரானார். "கோட்டுப் பையில என்ன, இவ்வளவு கனமா?"

"அகராதி. தொழிலுக்கு வேணும்."

அகராதி மேஜைக்குப் போனது. நர்ஸ் எடை பார்த்து, வகுத்துவிட்டுக் கைதட்டினாள்.

"எண்பத்துநாலு கிலோ. இருபத்தொன்பது புள்ளி எட்டு!"

மச்சினன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அத்தான், ஜெயிச்சுட்டீங்க!" அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

பிழைதிருத்துநருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவன் பிழைக்கக் கூடாதென்றா மூன்று மாதமாகக் கேக்காகத் தின்று தீர்த்தோம்? சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சிஸ்டர், கிட்னியை இன்னிக்கே எடுத்துக்கோங்க. எந்தப் பக்கம்னாலும் சம்மதம்."

மச்சினன் மெல்ல வாசல் பக்கம் நழுவினான்.

நர்ஸ் முழித்தாள். "கிட்னியா? இது எடை குறைக்கிற பிரிவு சார்! ஏதாவது பொய் சொல்லியாவது உங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்னுதானே உங்க மச்சினர் உங்க பேரைப் பதிஞ்சாரு?"