தாய்ப்பால் விழாவில் பால் குடித்த குட்டி

ஒரு காட்டில் வடிவு என்று ஒரு மந்தி இருந்தாள். எந்தக் காடு, எந்தத் திசை என்றெல்லாம் கேட்டு என்னை நிறுத்தாதீர்கள். மரம் இருந்தது, மரத்தடியில் சங்கம் இருந்தது, சங்கத்துக்குச் செயலாளர் இருந்தார். அவ்வளவு இருந்தால் அது காடுதான்.

வடிவுக்குப் பிறந்து சில வாரங்களே ஆன ஆண்குட்டி. அவன் குடித்தான். விடிந்ததும் குடித்தான், விடியுமுன்னும் குடித்தான். குடித்துக் கண் சொருகிவிட்டான் என்று நம்பி இவள் ஒரு கொழுந்தைப் பறிக்கக் கை நீட்டினால் போதும், முழித்துக்கொண்டு மறுபடி குடித்தான். காம்பு வெடித்து, தொட்டாலே உயிர் போகிற வலி. தூக்கமில்லாமல் தலை கிறுகிறுத்தது. இதற்கெல்லாம் மேலே பசி. பால் கொடுக்கிறவள் வயிற்றில் எரிகிற பசி இருக்கிறதே, அது நீங்களும் நானும் சாப்பாட்டு நேரம் தவறினால் படுகிற பசி இல்லை. அந்த வருஷம் பார்த்து மழையும் இல்லை. கொழுந்து கருகிவிட்டது. ஆற்றோரத்தில் ஒரே ஒரு அத்திமரம் மட்டும் அடிமுதல் நுனிவரை பழுத்து நின்றது. அது வனச் சங்கத்துக்குச் சொந்தம். யாரும் கை வைக்கக்கூடாது.

தின்னத்தான் எதுவும் இல்லை, யோசனைக்குக் குறைச்சல் இல்லை. குட்டி லேசாகச் சிணுங்கினாலே கிளைக்குக் கிளை தலைகள் எட்டிப் பார்க்கும்.

"என்ன வடிவு, பால் பத்தலையோ?"

கொக்கு மெனக்கெட்டுப் பறந்து வந்து, பால்சுறா வாங்கிப் புட்டு செய்து சாப்பிடச் சொன்னது. மந்தி எந்தக் காலத்தில் மீன் தின்றாள் என்று அது யோசிக்கவில்லை. ஆமை, "நாங்கல்லாம் மண்ணைத் தோண்டி வெச்சுட்டு எங்க பாட்டுக்குத் தண்ணிக்குப் போயிருவோம். பிள்ளைங்க வளரலையா? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமையே கெடையாது" என்றது. முட்டையிடுகிற சாதிக்குப் பாலைப் பற்றி இவ்வளவு தெரியும் என்பதே வடிவுக்குக் குட்டி பிறந்த பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் அவள் புருஷன் முத்தழகு மூச்சிரைக்க வந்தான். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள வந்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

"வடிவு, சங்கத்துல தாய்ப்பால் விழா நடத்துறாங்க. சிறந்த தாய்னு ஒருத்திக்கு விருது குடுக்கறாங்க. உன் பேரைக் குடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"பரிசு என்னன்னு கேளு. ஆத்தோரத்து அத்திமரம். அடுத்த மழை வரைக்கும் முழு மரமும் நமக்குத்தான்."

நமக்கு என்று அவன் சொன்னதைக் கவனித்தாலும், அத்திப்பழம் என்றதும் அவளுக்கு வாய் ஊறிவிட்டது. வயிறு நிறையத் தின்றால் பால் ஊறும். பால் ஊறினால் பிள்ளை பிழைக்கும். அவளுக்கு வேறு கணக்குத் தெரியாது. சரி என்றாள்.

விழா நாளன்று மேடை அமர்க்களமாக இருந்தது. பின்னால் ஒரு பெரிய பேனர். அதில் புலியார் மீசையை முறுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்குக் கீழே, ஒரு தபால்தலை அளவுக்கு, ஏதோ ஒரு தாயும் சேயும். 'தாய்ப்பாலே அமுதம்' என்று எழுதியிருந்தது. புலியார்தான் சிறப்பு விருந்தினர். காட்டில் எங்கெங்கே தனக்குக் குட்டி இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவை கண் திறக்குமுன்பே அடுத்த மலைக்குப் போய்விடுகிற ரகம். தாய்ப்பாலைப் பற்றிப் பேச அவரைவிட்டால் ஆள் ஏது? தொகுத்து வழங்க ஆண்மயில். பெட்டை அடைகாக்கும் காலம் முழுக்கத் தோகை விரித்து ஆடியதைத் தவிர வேறு வேலை பார்த்தறியாதவர். ஓடியாடி ஏற்பாடு செய்தவர் சங்கச் செயலாளர் நரியார்.

மேடையில் வடிவுக்குப் பக்கத்து நாற்காலியில் போட்டிக்கு வந்த இன்னொரு தாய், குயிலம்மாள். தாய்மை வாழ்த்து பாடியதும் அவர்தான். இறகில் ஒரு கசங்கல் கிடையாது. கண்ணில் கருவளையம் கிடையாது.

"உங்க பிள்ளைங்க எங்கம்மா?" என்று வடிவு கேட்டாள்.

"காக்கா வீட்டுல இருக்காங்க. ரொம்ப நல்ல மாதிரி அந்தக் காக்கா" என்றார் குயிலம்மாள்.

காலையில் வருவதாகச் சொன்ன புலியார் உச்சி வெயிலுக்குத்தான் வந்தார். அதற்குள் குட்டி முகத்தை மார்பில் தேய்த்துத் தேய்த்துத் தேட ஆரம்பித்துவிட்டான். வடிவு அவனைத் திருப்பிப் பிடித்தாள். உடனே நரியார் குனிந்தபடி ஓடி வந்தார்.

"இந்தாம்மா, மேடையில அதெல்லாம் கூடாது."

"எதெல்லாம் ஐயா?"

"அதாம்மா. அந்த... குடுக்கறது. நாலு பேர் குடும்பத்தோட வந்திருக்காங்கல்ல."

"பேனர்லயே போட்டிருக்கீங்களே."

"பேனர் வேற, நேர்ல வேற. அதுக்குன்னுதானே பாலூட்டும் அறை கட்டியிருக்கோம், அதோ பாரு."

மேடையை ஒட்டியே இருந்தது அறை. வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"அப்ப ஒரு எட்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"ரிப்பன் வெட்டலையேம்மா. புலியார் ஐயா பேசி முடிச்சிட்டுத்தான் வெட்டுவார். கொஞ்சம் ஒத்துழைப்பு குடு."

பொன்னாடை போர்த்தினார்கள். நினைவுப் பரிசு கொடுத்தார்கள். வரவேற்றவரை இன்னொருவர் வரவேற்றார். ஒருவழியாகப் புலியார் மைக்கைப் பிடித்தார்.

"தாய்ப்பால் என்பது சாதாரணப் பால் அல்ல. இன்று நான் உங்கள் முன் இப்படிக் கம்பீரமாக நிற்கிறேன் என்றால் அதற்குக் காரணம் தாய்ப்பால்."

கைதட்டல். அந்தச் சத்தத்தில் பயந்து குட்டி வீறிட்டான்.

"ஆனால் இன்றைய தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? சுகம் தேடுகிறார்கள். பிள்ளை அழுதால் உடனே வாரி எடுத்துப் பால் கொடுக்க வேண்டாமா? அதைவிட என்ன வேலை?" என்றவர் சட்டென்று நிறுத்தி, "யாரது, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் அடக்குங்கள். பேச முடியவில்லை" என்றார்.

மயிலார் எட்டி மைக்கில் சொன்னார். "தாய்மார்கள் தயவுசெய்து அமைதி காக்கவும்."

வடிவுக்கு மார்பு கட்டிக்கொண்டு கல்லாய்க் கனத்தது. பிள்ளை அழ அழப் பால் தானாகக் கசிந்து வயிற்று மயிரெல்லாம் நனைந்தது. அதைப் பார்த்துக் குயிலம்மாள் நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொண்டார். முத்தழகு முன்வரிசையிலிருந்து எழுந்து மேடையோரம் வந்து கிசுகிசுத்தான்.

"ஏன் இப்படிக் கத்தறான்? பால் பத்தலையா? கொஞ்ச நேரம் சமாளி வடிவு. அத்திமரம்."

அவளுக்கு மட்டும் அத்திமரம் மறந்தா போயிற்று? அது கிடைத்தால் இந்தக் கோடையைத் தாண்டலாம். கிடைக்காவிட்டால் மார்பு வற்றிப்போகும், பிறகு இவன் என்ன குடிப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு குட்டியை ஆட்டினாள், தட்டினாள், விரலைச் சப்பக் கொடுத்தாள். அவன் விரலைத் துப்பிவிட்டு அழுதான். அழுது அழுது தொண்டை கட்டிப்போய், கடைசியில் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான். அதை அவளால் பார்க்க முடியவில்லை. மரமும் ஆச்சு, விருதும் ஆச்சு, போங்கடா என்று அவனை மார்பில் சேர்த்துக்கொண்டாள்.

அதுவரை தூங்கி வழிந்த கூட்டம் மொத்தமும் முழித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து ஒரு முழத் துணி கட்டி அறியாத கூட்டம், வெட்கம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டது. பொத்திய விரலை விலக்கியும் பார்த்துக்கொண்டது. மைக் பக்கத்திலேயே இருந்ததால் குட்டி சப்புகிற சத்தம் காடு முழுக்கக் கேட்டது. புலியாருக்குப் பேச்சு அறுந்துவிட்டது. நரியார் ஒரு பொன்னாடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மூடு, மூடு, முதல்ல மூடு."

"வெயில்ல அவனுக்கு மூச்சு முட்டும் ஐயா. பாக்கப் பிடிக்காதவங்க அவங்க தலையில போட்டுக்கட்டும்."

நரியாரும் மயிலாரும் ஒதுங்கி நின்று குசுகுசுவென்று பேசினார்கள். மயிலார் தொண்டையைச் செருமினார்.

"மேடை நாகரிகம் கருதி ஒரு போட்டியாளர் நீக்கப்படுகிறார். விழா முடியும்வரை பிள்ளைகளின் அழுகுரல் நம் காதில் விழாதபடி தாய்மையைக் கட்டிக்காத்த குயிலம்மாள் அவர்களே இந்த ஆண்டின் சிறந்த தாய்."

குயிலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாய்மை என்றால் தியாகம். நான் என் பிள்ளைகளையே தியாகம் செய்தவள்" என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். புலியார் ரிப்பனை வெட்டினார். பாலூட்டும் அறையில் புலியாரும் குயிலம்மாளும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலிகளை உள்ளே அடுக்கிப் பூட்டி, நரியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

"கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா மரம் நம்மளது" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான் முத்தழகு. வடிவுக்குப் பசியில் காது அடைத்திருந்தது.

ஆற்றோரத்தில் அத்திமரத்தடியில் நரியார் அதற்குள் குயிலம்மாள் பேர் எழுதிய ஒரு பலகையை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காக்கை கெஞ்சிக்கொண்டு நின்றது.

"ரெண்டு பழம் குடுங்கய்யா. காலையிலேர்ந்து பிள்ளைங்க பட்டினி."

"யார் பிள்ளைங்க?"

"குயிலம்மா பிள்ளைங்கதான். எங்கிட்டதான் இருக்கு."

"மரம் தாய்க்குத்தான். வளக்கறவங்களுக்குன்னு விதியில ஒண்ணும் இல்ல" என்று பலகையில் கடைசி ஆணியை அறைந்துவிட்டு நரியார் கிளம்பினார்.

காக்கையும் மந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உச்சிக்கிளையில் குயிலம்மாள் பழத்தைக் கொத்திக்கொண்டே யாரோ நிருபருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். வடிவு கீழே கிடந்த காய்ந்த பட்டை ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டு மென்றாள். குட்டி முழித்துக்கொண்டான். அவனுக்கு மறுபடி பசித்தது.

நீதி: பிள்ளைக்குப் பால் கொடுத்தால் தாய் ஆகலாம். சிறந்த தாய் ஆக வேண்டுமானால், பிள்ளையை வேறு எவள் வீட்டிலாவது விட்டுவிட்டு வர வேண்டும்.