சமர நாளில் ஒரு கஞ்சி ஆர்டர்

"ஞாயித்துக்கிழமை டெலிவரிக்காரங்க சமரமாம். அன்னைக்கு எவன் வண்டி எடுக்கானோ அவனுக்கு ஆர்டர் கொட்டும், கேட்டியா?"

ஓட்டல் வாசலில் பார்சலுக்குக் காத்திருந்த ஞானசிகாமணியின் காதில் இது தற்செயலாகத்தான் விழுந்தது. விழுந்தது வெளியே போகவில்லை.

அவனும் டெலிவரிக்காரன்தான். சமரம் என்கிற இந்த வேலைநிறுத்தமே அவனுடைய கூட்டாளி சத்தியதாஸுக்காக. மழையில் வண்டி சறுக்கிக் கால் ஒடிந்தபோது, சத்தியதாஸ் கையிலிருந்த ஆர்டரைக் கேன்சல் செய்தான். கம்பெனி அவன் ஐடியை பிளாக் செய்துவிட்டது. ஐடி போனால் வண்டி இருந்தும் வேலை இல்லை. அதைத் திருப்பிக் கேட்டு, ஞாயிறு முழுக்க ஒருத்தரும் ஆப்பைத் திறப்பதில்லை என்று சங்கத்தில் முடிவு.

அந்த முடிவுக்குக் கை தூக்கிய நிமிஷத்திலிருந்து ஞானசிகாமணிக்கு ஒரே பயம். யார் யார் வரவில்லை என்று கம்பெனி குறித்துக்கொண்டால்? அடுத்த ஐடி தன்னுடையது என்றால்? அடுக்களையில் கரண்டி விழுந்தாலும் போனை எடுத்துப் பார்த்தான்.

கடைசியில் ஒரு வழி பிடித்தான். சங்கத்தில் காய்ச்சல் என்று சொல்வது. வீட்டில் சமரம் என்று சொல்வது. இரண்டுக்கும் நடுவில் வண்டி ஓட்டுவது.

ஞாயிறு காலை மனைவி ஜெயஷீலா கதவை மறித்து நின்றாள்.

"சர்ச்சுக்கு வராம எங்க போறிய?"

"சமரத்துக்கு. சத்தியதாஸுக்கு நம்மள விட்டா யாரு உண்டு?"

"நல்ல காரியம். பவர்பேங்க் எதுக்கு?"

"கோஷம் போடுறத வீடியோ எடுக்கணும்லா."

"சாப்பாட்டுப் பை?"

"அது... வெயிலுக்குத் தலையில பிடிக்க."

"தலையில ஹெல்மெட் இருக்கே?"

"ஹெல்மெட்டுக்கு வெயில் அடிக்காதா?"

ஜெயஷீலா வழிவிட்டாள். அவ்வளவு லேசாக அவள் வழிவிட்டதுதான் அவனுக்கு உறுத்தியது.

ஆர்டர் கொட்டத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். பக்கத்தில் பைக் நின்றால் நெஞ்சு நின்றது.

மதியம் ஒரு ஆர்டர். கஞ்சியும் பயறும். பெயர் சபீனா. 'பாவம், யாருக்கோ சுகமில்ல போல' என்று இரக்கப்பட்டுக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தான். சாப்பாட்டை எடுத்த பிறகுதான் ஆப் இடத்தைக் காட்டும். காட்டியது: பழவங்காடி, சமரப் பந்தல். கூடவே ஒரு குறிப்பு: உள்ளேயே கொண்டு வரவும்.

கேன்சல் பொத்தான்மேல் விரலை வைத்தான். அமுக்கினால் ஐடி போகும்; அமுக்காவிட்டால் மானம் போகும். மானத்துக்கு ஐடி கிடையாது என்று தேற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

அவனைக் கண்டதும் பந்தலில் கோஷம் பாதியில் நின்றது. கட்டுப் போட்ட காலை நீட்டி சத்தியதாஸ் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் ஜெயஷீலா.

"வாருங்க," என்றாள். "சர்ச் முடிஞ்சு உங்களுக்கு டீ கொண்டாந்தேன். ஆளக் காணோம். அண்ணனுக்குக் காய்ச்சல் எப்பிடி மதினின்னு இவரு கேக்காரு. காய்ச்சக்காரருக்குக் கஞ்சிதானே குடுக்கணும்? சபீனா போன்ல போட்டேன்."

பின்வரிசையில் இன்னொரு டெலிவரிக்காரியான சபீனா போனைத் தூக்கி ஆட்டினாள்.

"அது எனக்குத்தான் வரும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊருல உள்ள டெலிவரிக்காரங்க அம்புட்டு பேரும் இங்க இருக்காங்க. பிறகு கம்பெனி யாரை அனுப்பும்? முதலாளியையா?"

பந்தலே சிரித்தது. சத்தியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"இடத்தப் பாத்ததும் கேன்சல் பண்ணியிருக்கலாம்லாண்ணே?"

"பண்ணினா ஐடி போயிருமேடே!"

சொன்ன பிறகுதான், யாரிடம் சொல்கிறோம் என்பது ஞானசிகாமணிக்கு உறைத்தது. கஞ்சிப் பொட்டலத்தை நீட்டியபடியே நின்றான்.

ஜெயஷீலா அதை வாங்கி வைத்தாள். சபீனாவின் போனில் அஞ்சு ஸ்டாரும் கொடுத்தாள். பிறகு புருஷனின் போனைப் பிடுங்கி, ஆப்பை ஆஃப்லைனில் போட்டு, தன் கைப்பையில் பைபிளுக்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.