பழைய டிரைவர்

"இந்த வூட்டுக் கம்ப்யூட்டர் மேல எந்த மெக்கானிக் கையும் படக் கூடாது" என்று பிரபாகர் சபதம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஐந்தே முக்கால் மணிக்கு. இடுப்பில் லுங்கி. எதிரே நீலத் திரை. திரையில் ஓர் அழுமூஞ்சிப் படம்.

"சென்னப்பன் அண்ணனுக்குப் போன் போடட்டுங்களா?" என்று கேட்டாள் மனைவி கோகிலவாணி, விளக்குமாறும் கையுமாக. சென்னப்பன் தருமபுரிக் கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்.

"எதுக்கு? நான் என்ன படிச்சிருக்கேன்?"

"பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுங்க."

"அதுல?"

"ஃபர்ஸ்ட் கிளாஸுங்க" என்றாள், பாடம் ஒப்பிப்பதுபோல. "சரி பண்ண எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம்."

"அது வரைக்கும் எந்திரிக்க மாட்டீங்களா? டீக்கடைக்குக்கூட?"

"வேலைன்னு உக்காந்தா வேலைதான்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனது. கணவன் மேல் வைத்த நம்பிக்கை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

"அப்ப ஃபிளாஸ்க்குல டீ ஊத்தி வெச்சுட்டு நான் வாக்கிங் போறேன். உடம்பு கனத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இவ்வளவு தணிவாக அவள் பேசியது அவனுக்கே ஆச்சரியம். முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த வீட்டில் பெரிய ரகளை. வத்தல்மலையில் கோகிலாவின் அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. அத்தைக்காரி சீர்த்தட்டோடு காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"வண்டி மலைக்கெல்லாம் ஏறாது" என்றான் பிரபாகர்.

"ஏறுமுங்க. நம்ம தெருவுல இதே வண்டி வெச்சிருக்கிற அந்தோணி பிரகாஷ் மாசாமாசம் போயிட்டு வர்றாரு."

"அவரு வண்டி வேற."

"கலருதான் வேற."

ஏறாதது வண்டியல்ல. கொண்டை ஊசி வளைவில் எதிரே மினி பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் கியர் என்றால் பிரபாகருக்கு முதுகுத்தண்டு சில்லிடும். சமதரையிலேயே முப்பதைத் தாண்டாதவன் அவன். பால்காரர் டிவிஎஸ்ஸில் முந்திப்போகும்போது வணக்கம் வைத்துவிட்டுப் போவார். இதை மனைவியிடம் சொல்ல முடியுமா?

"நீங்க ஓட்ட வேணாம். நான் ஓட்டக் கத்துக்கறேன்" என்றாள் கோகிலா.

அங்கேதான் அவனுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் அவன் அதிகாரம் செல்லுபடியாகிற ஒரே இடம் நாலு டயரின் மேல்தான் நின்றது. சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். சட்டை துவைக்கப் போனால் டவுசர் பைக்கு மாறும்.

"இங்க பாரு கோகிலா. கம்ப்யூட்டர்லகூட ஒவ்வொரு கருவியையும் ஓட்ட டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்கும். ஒரே கருவிக்கு ரெண்டு டிரைவர் இருந்தா கிராஷ் ஆயிரும். வூட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்று தீர்ப்புச் சொன்னான். அவள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். அங்கேயே நின்று சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலைதான் நீலத் திரை.

பிரபாகர் அவசர வழியான சேஃப் மோடில் நுழைந்து பார்த்தான். கருவிகளின் பட்டியலில் ஒரு பெயரில்லாத கருவி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். எதற்கோ டிரைவர் பழசு என்று முடிவுகட்டினான். திரைக்கான டிரைவரைப் புதுப்பித்தான். ஆன் பண்ணினான். அழுமூஞ்சி. மறுபடி புதுப்பித்தான். மறுபடி அழுமூஞ்சி. ஏழே கால் மணிக்குக் கோகிலா திரும்பிவந்து மேசைக்கடியில் கூட்டினாள்.

"காலைத் தூக்குங்க."

தூக்கினான்.

"இப்பப் போட்டுப் பாருங்க."

போட்டான். ஓடியது.

"பாத்தியா? கிராஃபிக்ஸ் டிரைவர்தான் கோளாறு" என்றான், நாற்காலியில் சாய்ந்து.

"படிச்சவங்க படிச்சவங்கதானுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை அழுமூஞ்சி திரும்ப வந்தது. அன்றைக்குச் சவுண்டு டிரைவர். ஞாயிற்றுக்கிழமைக்கு வைஃபை. திங்கட்கிழமைக்குப் பிரிண்டர், அதற்காகப் பிரிண்டரைக் கழற்றி, துடைத்து, எதற்கென்று தெரியாமல் ஊதவும் செய்தான். தினமும் ஒரு டிரைவர் போட்டான். தினமும் ஏழே கால் மணிக்குக் கோகிலா கூட்டினாள், அவன் காலைத் தூக்கினான், கம்ப்யூட்டர் ஓடியது. தினமும் ஜெயித்ததால் தோற்பது அவனுக்குத் தெரியவில்லை.

வேறொன்று மட்டும் உறுத்தியது. "தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற. நெத்தியில ஒரு சொட்டு வேர்வை இல்லையே?"

"மார்கழிக் குளிருங்க."

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது.

மூன்றாவது வாரம் அவள் கேட்டாள், "இந்த டிரைவரு டிரைவருன்னு சொல்றீங்களே, புதுசு போட்டா பழசு என்னங்க ஆவும்?"

பிரபாகருக்கு உடம்பெல்லாம் பூரித்தது. கல்யாணமாகி ஆறு வருசத்தில் அவள் அவனிடம் பாடம் கேட்டது அன்றுதான். "நல்ல கேள்வி. பழசை முழுசா எடுத்துரணும். பழசு உள்ள இருந்துக்கிட்டு நான்தான் ஓட்டுவேன்னு நிக்கும். புதுசை ஓட்ட வுடாது."

"ஓ. அப்படிங்களா" என்றாள். ஒரு நோட்டு மட்டும் கையில் இருந்திருந்தால் எழுதிக்கொண்டிருப்பாள்.

நாலாவது வாரம் போட டிரைவர் எதுவும் மிச்சமில்லை. "இனிமே ஃபார்ம்வேர்தான்" என்று அறிவித்தான். "போர்டுக்குள்ளேயே இருக்கிற புரோகிராம். ஆபத்தான வேலை. பாதியில கரண்ட் போனா போர்டு செத்துரும். செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன்."

கோகிலாவின் கை கரண்டியோடு நின்றது. "செவ்வாய்க்கிழமையா? வூட்டுலயா இருப்பீங்க?"

"ஒம்பது மணிக்கு உக்காந்தா மத்தியானம் வரைக்கும் அசைய முடியாது. நீ மிக்ஸி போடக் கூடாது. கிரைண்டர் கூடாது."

"மத்தியானம் வரைக்குமா?"

"அசையவே முடியாது."

கரண்டி மறுபடி சுழன்றது. "அப்ப நான் வூட்டுலயே இருக்கலீங்க. தெரியாம எதையாவது தொட்டுருவேன். எதிர்வூட்டு ராஜமேரி அக்காகூட ஒரு எடம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்."

எவ்வளவு பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். திரையில் கோடு நகர நகர, மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மெதுவானால் உயிர் போய்விடும். கடைசியில் கோடு முடிந்தது. அன்று மட்டுமல்ல, புதன், வியாழன், வெள்ளி, சனி, எந்த நாளும் அழுமூஞ்சி வரவில்லை. தான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஃபார்ம்வேர் பற்றி விளக்கினான். சென்னப்பன் கடைக்கே போய், "இனிமே ஏதாவது சந்தேகம்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. காலையில் பட்டுப்புடவையோடு வந்த கோகிலா, மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தாள். ஒன்று, கொரோனா காலத்தில் வாங்கிப் பழுதாகிப் பரணில் போட்ட வெப்கேமரா, வாலோடு.

"இது எதுக்கு?"

"இதோட வாலைப் பின்னாடி சொருகினா அழுமூஞ்சி வருதுங்க. புடுங்கினாப் போயிருது. ஒரு நாள் கூட்டும்போது தெரிஞ்சுது."

மஞ்சள் முக்கோணம் பிரபாகரின் கண்முன் வந்து நின்றது. இருபத்தைந்து தடவை காலைத் தூக்கியதும் வந்தது.

"எதுக்குடி இப்படி?"

"டிரைவிங் ஸ்கூல்ல பணம் கட்டி, எல்.எல்.ஆரும் முன்னாடியே வாங்கிட்டேனுங்க. ஆறு மணிக்கு நீங்க முக்குக் கடையில டீ குடிப்பீங்க. ஸ்கூல் காரு அந்த வழியாத்தான் போவுது. மத்தபடி நீங்க டீ குடிச்சா எனக்கென்னங்க?"

இரண்டாவது பொருள், முந்தின நாள் தபாலில் வந்த கவர். உள்ளே அட்டை. அட்டையில் கோகிலாவின் படம், சிரிக்காமல். செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டி வாங்கியது.

பிரபாகர் சாவிக்காகச் சட்டைப் பை இருக்கிற இடத்தைத் தடவினான். சட்டை துவைக்கப் போயிருந்தது. டவுசரும்.

வாசலில் வண்டி உறுமியது. அவன் ஓடிப்போய், பழக்கதோஷத்தில் வலதுபக்கக் கதவைத் திறந்தான். அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போனான்.

"ரெண்டு டிரைவர் இருந்தா கிராஷ் ஆயிருமுங்க. பின்னாடி உக்காருங்க" என்றாள் கோகிலா. "முன்னாடி சீர்த்தட்டு இருக்குது."