எண்ணூறு வாட் பல்பு

வாசகரே, சட்டைப் பையில் மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரோடு விருந்தாளியாக வருகிற இனம் ஒன்று உண்டு. உட்காரச் சொன்னால் உட்காராது, சுவிட்சைத் தட்டும், வயரை முகரும், இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து "இது எத்தனை வாட்டுன்னு நெனச்சுட்டிருக்கீங்க?" என்று கேட்கும், நீங்கள் வாயைத் திறப்பதற்குள் "வோல்டேஜை அதே வோல்டேஜால பெருக்கு, ரெசிஸ்டன்ஸால வகு, முடிஞ்சது கதை" என்று பதிலையும் தானே சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்ததில் மிஞ்சியது அந்த ஒரு சூத்திரம். அதை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம்!

தங்கை வீட்டுக்கு வந்த அண்ணனும் இந்த இனம்தான். தையல்கடையில் வேலை பார்க்கும் தங்கை, கோழி வளர்க்கும் ஆசையில், ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் அறுபது வாட் குண்டு பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் முட்டைகளை வைத்து, வேளை தவறாமல் புரட்டிக் காத்துவந்தாள். அன்று காலைதான், அடையாளத்துக்குப் பென்சில் கோடு போட்டிருந்த ஒரு முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். அந்தச் சந்தோஷத்தை அண்ணனிடம் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

பிளக்கைப் பிடுங்கினார் அண்ணன். அதன் பின்களில் மீட்டரை வைத்தார். ரெசிஸ்டன்ஸ் இருநூறு ஓமுக்கு மேல் என்று காட்டிய எண் மளமளவென்று இறங்கியது.

"ஓடிட்டே இருக்கேண்ணே?"

"ஓடுற எண்ணை நம்பக் கூடாதும்மா. நிக்கட்டும்."

நின்றது. அறுபத்தைந்து. அதாவது, பல்பின் இழை முழுசாக ஆறிவிட்டது. எரிகிறபோது அதே இழையின் ரெசிஸ்டன்ஸ், அதாவது தடை, பத்து மடங்குக்கும் மேல் என்பது இந்த இனத்துக்குத் தெரியாது. செத்தவன் கையைத் தொட்டுவிட்டு, காய்ச்சல் விட்டது என்கிற வைத்தியம்!

இருநூற்று முப்பதை இருநூற்று முப்பதால் பெருக்கினார். ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அறுபத்தைந்தால் வகுத்தார். முகம் வெளிறியது.

"எண்ணூத்திப் பதிமூணு வாட்! முட்டையப் பொரிக்க வெக்கிறியா, வறுக்கிறியா?"

"பல்புலயே அறுபதுன்னு போட்டிருக்கேண்ணே."

"போடுவான். கணக்கு பொய் சொல்லுமா?"

"எண்ணூறுன்னா இந்தப் பெட்டி எப்பவோ உருகியிருக்காதா?"

"எங்கிட்டயே சயின்ஸ் பேசாத."

படுக்கையறையில் கிடந்த குட்டி இரவு விளக்கைக் கழற்றி அளந்தார். அவர் கணக்குக்கு எண்பது வாட் வந்தது. "தாராளம்!" என்று பெட்டிக்குள் மாட்டினார். அது மின்மினி மாதிரி முழித்தது. தங்கை உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்குண்ணே."

"உன் கை சூடு. அதான் அப்படித் தெரியுது. நீ கடைக்குப் போ, சாயங்காலம் வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். பெட்டியை அல்ல, மீட்டரை.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அவள் மூடியைத் திறந்தபோது, உள்ளேயிருந்த தெர்மாமீட்டர் அறையின் சூட்டையே காட்டிக்கொண்டிருந்தது.

"அந்தத் தெர்மாமீட்டர் அவுட்டு," என்றார் அண்ணன். "மத்தியானமே கண்டுபிடிச்சுட்டேன்."

பழைய பல்பை மாட்டி எரியவிட்டாள். ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதோரம் வைத்தாள். பென்சில் கோடு போட்டதைக் கடைசியாக எடுத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு, அது உடைந்துவிடுமோ என்பது போல, மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

அதைப் பார்த்தாவது அண்ணனுக்கு உறைத்ததா? எங்கே!

"கணக்கு சரியாத்தாம்மா வருது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். முட்டைலதான் ஏதோ கோளாறு."

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். நடுவில் ஒரு பெருக்கல் வந்ததே, ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், அது சரிதானா என்று நின்று மனசுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்தீர்கள், இல்லையா? பிளக் பிடுங்கியபடியே கிடந்தது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. நீங்கள் பெருக்கிக்கொண்டிருந்தீர்கள்.

எதற்கும் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள்.